புல்லில்லாத மைதானத்தில் கால்ஃப் ஷூ

வியாழக்கிழமை ராத்திரி அண்ணன் போன் செய்தான். சௌக்கியமா, சாப்பிட்டியா எல்லாம் அவனுக்கு வராது.

"டேய், ஞாயித்துக்கெழம மேட்ச்சு. ஒரு ஆள் கொறையுது. வந்துடு."

"எனக்கு முட்டி வலிண்ணா."

"ஆதார் எடுத்தாந்துடு. அதான் முக்கியம்."

முட்டிக்கும் ஆதாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். விஷயம் இதுதான். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஆட்கள் சேர்ந்து வருஷா வருஷம் தை மாதத்தில் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடத்துகிறார்கள். டீமுக்கு எட்டுப் பேர், எட்டு ஓவர். கம்பெனியில் வேலை செய்கிறவர்கள்தான் ஆடலாம். கூடப் பிறந்தவனாக இருந்தால் மட்டும் ஒரே ஒரு வெளியாளைச் சேர்த்துக்கொள்ளலாம். போன வருஷம் ஒரு டீம் சென்னையில் லீக் ஆடுகிற பையனைக் கூட்டிவந்து ‘என் தம்பி’ என்று நிறுத்திவிட்டது. அவன் அடித்த பந்துகளில் இரண்டு இன்னும் கிடைக்கவில்லையாம். அதனால் இந்த வருஷம் ஆதாரில் அப்பா பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். நாற்பத்தொரு வயதில், முட்டி வலியோடு, நான் யாருக்குத் தம்பி என்று அரசாங்க அட்டையைக் காட்டி நிரூபிக்க ஊருக்குக் கிளம்பினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சென்ட்ரலில் ஏலகிரி எக்ஸ்பிரஸ். ஜோலார்பேட்டை வரை போகிற வண்டி. வாரம் முழுக்கச் சென்னையில் வேலை, ஞாயிறு மட்டும் வீடு என்று வாழ்கிறவர்கள் நிறையப் பேர் அதில் வருவார்கள். அரக்கோணம் வருவதற்குள் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. வாலாஜா ரோட்டில் ஜன்னலோரமே கிடைத்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பி இங்கே வந்துதான் நின்றது. இன்றைக்கு அந்த ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் அதையெல்லாம் நினைப்பதில்லை, ஷேர் ஆட்டோவுக்கு ஓடுகிறார்கள். இங்கிருந்து ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியும் கொஞ்சம் விலகியும் தோல் ஊர்கள் தொடர்கின்றன. 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. அம்மா இன்னும் ‘வேலூர் டிஸ்டிரிக்ட்’ என்றுதான் சொல்கிறாள். திருத்தினால், "அங்க எவன்டா போறான்" என்பாள்.

காட்பாடியில் பெட்டி பாதி காலியானது. தலையில் கட்டுப் போட்ட ஒரு பெரியவரை இரண்டு மகன்கள் கைத்தாங்கலாக இறக்கினார்கள். மூவரும் பேசியது வங்காளி. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி.யை நம்பி வருகிற கூட்டம் இது. வேலூரில் லாட்ஜ் போர்டுகளே வங்காளியில் இருக்கும். அந்த மகன்களில் ஒருவன் பையைத் தூக்கினான், மற்றவன் அப்பாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான். யார் எதைச் செய்வது என்று அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

ஆம்பூரில் இறங்கும்போது ஒன்பது மணிக்கு மேல். பள்ளிக்கூட நாட்களில் நாங்கள் வேலூருக்கு மேட்ச் ஆடப் போனால், எதிர் டீம் பையன்கள் கை குலுக்கிவிட்டுக் கையை மோந்து பார்ப்பார்கள். எங்கள் கையில் ஒன்றும் இருக்காது. ஊரின் பெயரே அவர்களுக்குத் தோல் வாடைதான். அண்ணன் அப்போது ஒரு காரியம் செய்வான்: டாஸ் போட்டு முடிந்ததும் எதிர் கேப்டன் தோளில் கைபோட்டு, ரொம்ப நேரம் எடுக்காமல் நிற்பான்.

வீட்டுத் திண்ணையில் டியூப் லைட் வெளிச்சத்தில்தான் அந்த ஷூவைப் பார்த்தேன். வெள்ளைத் தோல், பக்கத்தில் பழுப்புப் பட்டை. திருப்பினால் அடியில் ஏழு பச்சைப் பிளாஸ்டிக் முள் வட்டங்கள், ஒவ்வொன்றும் பழைய நாலணா அகலம், ஒவ்வொன்றிலும் சிலந்திக் கால் மாதிரி சின்னச் சின்ன விரல்கள்.

"இன்னாண்ணா இது?"

"கால்ஃப் ஷூடா. ஹைவே கடையில வாங்கினேன். அறுநூறு."

ஆம்பூரில் நெடுஞ்சாலையோரம் வரிசையாக ஷூக் கடைகள் உண்டு. ஏற்றுமதியில் மிஞ்சியதும் கழிக்கப்பட்டதும் அங்கே வரும். பெங்களூருக்குப் போகிற கார்கள் நின்று வாங்கிக்கொண்டு போகும். இது கழிக்கப்பட்ட ஜோடி. வலது காலின் குதிகால் அருகே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது. தரம் பார்க்கிறவர்கள் குறை இருக்கிற இடத்தைக் காட்ட ஒட்டுவது. அம்பு காட்டிய இடத்தில் விரலை வைத்துத் தடவினால்தான் தெரிந்தது, கடுகளவு ஒரு மேடு.

"உண்ணி கடிச்ச வடு. மாடு உயிரோட இருக்கும்போது கடிச்சது" என்றான். அவன் லாஸ்டிங் செக்‌ஷனில் சூப்பர்வைசர். தைத்து வந்த அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை, கால் அச்சின் மேல் இழுத்துப் பொருத்துகிற இடம். இருபது வருஷமாக லட்சக்கணக்கான கால்களின் வடிவத்தைப் பார்த்தவன். ஆனால் அந்தக் கால்களில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

அந்த முள் எதற்கு என்று யூடியூபில் பார்த்திருக்கிறான். முன்னெல்லாம் இரும்பு முள்தான். அது புல்தரையைக் கிழித்துவிடுகிறது என்று 1990களில் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். தோலும் தண்ணீர் உள்ளே இறங்காதபடி பதப்படுத்தியது, ஏனென்றால் அவர்கள் விடிகாலைப் பனி படிந்த புல்லில் நடப்பார்கள். "புல்லுலடா!" என்று சிரித்தான். நாளைக்கு நாங்கள் ஆடப்போகிற மைதானத்தில் மருந்துக்குக்கூடப் புல் கிடையாது.

"அதுல ஒரு ஆட்டம் கீதுடா. ரெண்டு பேரு ஒரு ஜோடி. ஒரே பந்து. நீ ஒரு தடவ அடிக்கணும், நான் ஒரு தடவ அடிக்கணும். நீ குழியில கொண்டுபோய்த் தள்ளினீன்னா நான்தான் எடுத்து அடிக்கணும்."

"நம்ம சைக்கிள் மாதிரி."

"ஆமா. பஞ்சர் எப்பவும் என் டர்ன்லதான் ஆவும்."

கால்ஃபில் அதற்கு ஃபோர்சம் என்று பெயர். அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் ரைடர் கோப்பையில் அந்த ஆட்டம் உண்டு. இன்னொன்றும் சொன்னேன்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதி வரை கால்ஃப் பந்தே தோல் பந்துதான், தோலைத் தைத்து உள்ளே இறகை அடைத்துச் செய்வார்கள் என்று. அண்ணன் உடனே கேட்டான்: "எந்தத் தோலு? எத்தன எம்.எம்.?" எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷமாக நான் படித்துச் சொல்கிற எதிலும் அவன் கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் இருப்பதில்லை.

காலையில் நடந்தே போனோம். ஞாயிறு என்பதால் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்கள் இல்லை, ரோடு அகலமாகத் தெரிந்தது. ஆனால் வேலை நிற்கவில்லை. ஒரு சந்தில் மூன்று பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்து மொக்காசின் அப்பர் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஷூவின் மூக்குப் பகுதியில் சுருக்கம் சுருக்கமாக வருமே, அந்தத் தையல். மிஷினில் சரியாக வராது. இரண்டு கையிலும் ஊசி, நூல் முழுக்க மெழுகு, இழுக்கும்போது முழங்கை பின்னால் நிற்பவன்மேல் படும். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. லண்டனில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் அதே மூக்கை ஒரு முறை படத்தில் பார்த்தேன். அதில் ‘கையால் தைத்தது’ என்று பெருமையாக எழுதியிருந்தது. எந்தக் கை என்று எழுதவில்லை.

அப்பா வேலை செய்த தோல் ஷாப் வழியில்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் டேனரியை ஷாப் என்போம். ஷூ செய்கிற இடம் கம்பெனி. ஷாப்பிலிருந்து கம்பெனிக்குப் போவது எங்கள் தெருவில் ஒரு தலைமுறை ஏறுவதுபோல. அப்பா சேர்ந்த காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறின தொட்டிகள். தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். அப்படி அரைகுறையாகப் பதனிட்ட தோலைத்தான் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். சீதாராமையா கமிட்டி 1972இல் சொன்னதைக் கேட்டு, அரைத் தோலை அனுப்பாதே, முடித்த பொருளாக அனுப்பு என்று மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. ஷூ கம்பெனிகள் பெருகியது அதற்குப் பின்தான். கூடவே குரோமியம் பரவியது. ஓரிரு நாளில் தோல் தயார். டிரம்மிலிருந்து வரும்போது ஈரமாக, வெளிர்நீலமாக இருக்கும். ‘வெட் ப்ளூ’ என்பார்கள். அப்பாவின் நகக்கண்கள் முதலில் பழுப்பாக இருந்து பிறகு நீலமானதை நாங்கள் இருவரும் பார்த்தோம். சாப்பாட்டு மேசை கிடையாது, தரையில் வட்டமாக உட்கார்வோம். சோற்றைப் பிசையும்போது அந்த நகங்கள்தான் கண்ணுக்கு நேராக இருக்கும்.

பாலாறு அந்தக் காலையிலும் மணல்தான். நந்தி மலையில் பிறந்து, கர்நாடகம், ஆந்திரம் கடந்து வாணியம்பாடிப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் வருகிற ஆறு. 2021 நவம்பரில் கரைகொள்ளாமல் ஓடியது. அந்த வெள்ளத்தைப் பார்க்க அண்ணன் அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினானாம், கோயில் தேரைக் காட்டுவதுபோல. மற்ற நாட்களில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும். பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடுகிற உப்பும், குரோமியமும், எல்லாம் கலந்து எங்கே போகும்? இந்த மண்ணுக்காகப் போட்ட வழக்கில்தான் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவனே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் நாடு முழுக்க ‘வேலூர் சிட்டிசன்ஸ்’ வழக்கு என்று மனப்பாடம் செய்கிறார்கள். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. மைதானத்தில் எங்களுக்குக் குடிக்க வைத்திருந்தது இருபது லிட்டர் கேன்.

மைதானத்துக்கு மூன்று பக்கம் வீடு, ஒரு பக்கம் மூடிக்கிடந்த ஒரு ஷாப்பின் சுவர். சுவரைத் தாண்டிப் பந்து போனால் சிக்ஸர் இல்லை, அவுட். உள்ளே நாய் இருக்கிறது. ஷாமியானாவுக்குக் கீழே மைக் பிடித்திருந்தவர் ரிட்டயரான கணக்குப்பிள்ளை. வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா. பரிசு மேசையில் பெரிய கப், சின்ன கப், ஆட்ட நாயகனுக்கு ஒரு லெதர் பர்ஸ். தோல் ஊரில் தோல் பந்து மட்டும் கிடையாது என்பதை அன்றைக்குத்தான் யோசித்தேன். நிஜ கிரிக்கெட் பந்து 156லிருந்து 163 கிராம். படிகாரத்தில் பதனிட்ட மாட்டுத்தோல். வருவது மீரட்டிலிருந்தோ ஜலந்தரிலிருந்தோ. ஆம்பூருக்கு வாய்த்தது பச்சை டென்னிஸ் பந்து.

முதல் மேட்ச்சைச் சுலபமாக ஜெயித்தோம். அதில் நான் செய்தது, லாங் ஆனில் நின்று ஒரு பந்தைக் காலுக்கு நடுவில் விட்டது மட்டும்.

இரண்டாவது மேட்ச்சுக்கு முன்னால் தகராறு. எதிர் டீம் இன்னொரு கம்பெனியின் கட்டிங் செக்‌ஷன். கட்டிங்காரர்களுக்குக் கண் கூர்மை. தோலில் எங்கே குறை இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டுகிறவர்கள். அவர்கள் கேப்டன் தூரத்திலிருந்தே அண்ணன் காலைப் பார்த்துவிட்டான்.

"ஸ்பைக் போட்டுனு ஆடக்கூடாது, ரூல்ஸ்ல கீது!"

அம்பயர் அண்ணனை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, குதிரைக்கு லாடம் பார்ப்பதுபோலக் காலைத் தூக்கிப் பார்த்தார். பிளாஸ்டிக் என்றதும் விரலால் அழுத்திப் பார்த்தார். அதற்குள் கட்டிங் கேப்டன் குனிந்து தோலைத் தடவி, ஸ்டிக்கரைக் கண்டு, "உண்ணி கடி" என்றான். அண்ணன் "ஆமா" என்றான். "அப்பர் நல்ல தோலுண்ணா" என்றான் அவன், மரியாதையாக. தகராறு அங்கேயே முடிந்துவிட்டது. மைக்கில் கணக்குப்பிள்ளை, "அமெரிக்கா ஜனாதிபதி ஷூ போட்டு ஆடுகிறார் நமது லாஸ்டிங் கேப்டன்" என்று அறிவித்தார்.

அவர்கள் 64. நாங்கள் ஐந்து ஓவரில் 38க்கு ஐந்து விக்கெட். நான் உள்ளே போகும்போது எதிர்முனையில் அண்ணன். கடைசியாக நாங்கள் இருவரும் ஒரே பிட்ச்சில் நின்றது எந்த வருஷம் என்று ஞாபகம் இல்லை. அப்பா இருந்தார், அவ்வளவுதான் நிச்சயம். மைக் விடவில்லை: "அண்ணனும் தம்பியும் களத்தில்! கிர்பால் சிங், மில்கா சிங் போல!" பையன்கள் சிரித்தார்கள், அவர்களுக்குத் தெரிந்த மில்கா சிங் ஓட்டக்காரர். பெரியவர் சொன்னது சென்னை மில்கா சிங். 1934இல் சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சி ஆட்டத்தில் 11 விக்கெட் எடுத்த ஏ.ஜி. ராம் சிங்கின் மகன்கள். அண்ணன் தம்பி இருவருமே இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியவர்கள். பஞ்சாபிக் குடும்பம், மதராஸ் கிரிக்கெட். அதை மைக்கில் விளக்க அவர் ஆரம்பித்தார், பக்கத்தில் இருந்தவர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

அண்ணன் இரண்டு சிக்ஸர் அடித்தான். அடிக்கும்போது பின்கால் அந்தச் செம்மண்ணில் நட்டுவைத்ததுபோல நின்றது; மற்றவர்கள் எல்லாம் வழுக்கிக்கொண்டிருந்த இடத்தில். நான் கட்டை போட்டுக்கொண்டு அவனிடம் பந்தை ஒப்படைத்தபடி இருந்தேன். அவன் ‘வா’ என்றால் வந்தேன், ‘இரு’ என்றால் இருந்தேன். யோசிக்கவே வேண்டியதில்லை. மூன்று பந்தில் ஐந்து ரன் வேண்டும் என்று ஆகும்வரை அப்படியே போனது.

அந்தப் பந்தை மிட் விக்கெட் பக்கம் தள்ளினேன். அடித்தவன் நான், பந்து என் கண்ணுக்கு நேராக, கூப்பிட வேண்டியவனும் நான். "வா" என்றேன். அவன் கேள்வி கேட்காமல் கிளம்பிவிட்டான். ஃபீல்டர் பந்தைக் குனிந்து எடுத்ததைப் பார்த்ததும், சென்னையில் பதினெட்டு வருஷமாக ஒவ்வொன்றையும் இரண்டு முறை யோசித்துப் பழகினவன், "இரு, இரு!" என்றேன். அவன் முக்கால் பிட்ச் வந்திருந்தான். காலை ஊன்றித் திரும்பினான். முள் மண்ணைக் கவ்வியது, உடம்பு திரும்பியது, கால் அரை நொடி தாமதமாகத் திரும்பியது. விழவில்லை. பந்து பவுலர் பக்க ஸ்டம்பில் பட்டபோது கிரீஸுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தான்.

என்னைத் திட்டுவான் என்று நின்றேன். பேட்டை அடுத்த பையனிடம் கொடுத்துவிட்டு, "தம்பிய நம்பி ஓடு" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. நியாயம்தான். நான் ஒரு ரன் எடுத்தேன். கடைசிப் பந்தில் அவன் வீசின பேட் காற்றைக் கிழித்தது. மூன்று ரன்னில் தோற்றோம். லெதர் பர்ஸ் கட்டிங் கேப்டனுக்கு. வாங்கியதும் அவன் செய்த முதல் வேலை, அதைப் பிரித்து உள்தோலைப் பார்த்தது.

தோற்றாலும் ஜெயித்தாலும் பிரியாணிதான். சீரக சம்பா, காய்ந்த மிளகாய் விழுது, பக்கத்தில் எண்ணெய் மிதக்கிற கத்தரிக்காய். கத்தரிக்காய் இல்லாமல் பிரியாணி வைத்தால் எங்கள் ஊர்க்காரன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் காத்திருப்பான். அண்ணன் எலும்பைத் தனியே ஒதுக்கிக்கொண்டே கம்பெனி விஷயம் சொன்னான். 2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து ஓவர்டைம் இல்லை. ஒரு லைன் நிறுத்தி, ஆட்களை மற்ற லைன்களில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். தைக்கிற பெண்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம், நாளைக்கு பஸ் வருமா என்று. "எனக்கு இன்னா தெரியும்? வரும்னு சொல்றேன்." பிறகு கேட்டான்: "உனக்கு டிரெயின் எத்தன மணிக்கு?"

ரன் அவுட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானே ஆரம்பித்தேன். "அண்ணா, அந்த ரன்…"

"கூப்ட்ட, வந்தேன். உடு."

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி மண்ணைத் தட்டியபோதுதான் பார்த்தான். வலது காலில் ஏழு, இடது காலில் ஆறு. திரும்பின இடத்தில் ஒன்று கழன்று விழுந்திருக்கிறது. தைக்கிற ஊசியால் மற்றவற்றின் இடுக்கிலிருந்த செம்மண்ணைக் குத்திக் குத்தி எடுத்தான். "நாளைக்கி ஷிஃப்ட் முடிஞ்சு போய்த் தேடிப் பாக்கறேன். பச்ச கலர்தானே, தெரியும்." புல் இருந்திருந்தால் தெரியாது.

செவ்வாய்க்கிழமை நானே கூப்பிட்டேன்.

"கெடச்சுதாண்ணா?"

"கெடச்சுது. ஒரு பொடியன் எடுத்து வெச்சினு இருந்தான். தலகீழா நிறுத்தி விரல்ல சுண்டி உட்டுனு இருந்தான், பம்பரம்னு நெனச்சு."

"வாங்கிட்டியா?"

"இல்லடா. நல்லா சுத்துச்சு."